தையல் லைன் கைக்கு வந்துவிட்டதா? புதிய சூப்பர்வைசருக்கு முதல் மூன்று மாத வழிகாட்டி

திருப்பூரில் கம்பெனி வாசல்களில் ‘ஓவர்லாக், பேட்லாக் டெய்லர்கள் தேவை’ என்ற அட்டை ஆண்டு முழுவதும் தொங்கும்; இரண்டும் பின்னலாடை தைக்கும் மெஷின் வகைகள். சூப்பர்வைசருக்கு அப்படி அட்டை தொங்குவது குறைவு. நன்றாகத் தைக்கும் ஒருவரை, சனிக்கிழமை சம்பளம் போட்டு முடித்த கையோடு அலுவலக அறைக்கு அழைத்து, “திங்கட்கிழமை முதல் மூன்றாவது லைனை நீங்கள் பார்த்துக்கொள்ளுங்கள்” என்று சொல்லிவிடுவார்கள். ஒரே ஆடையை ஆளுக்கொரு வேலையாகத் தைத்து நகர்த்தும் மெஷின் வரிசைதான் லைன். மெஷினில் உட்காரவே மாதக்கணக்கில் கைமடியாக (டெய்லருக்கு உதவியாளராக) நின்று பழக வேண்டிய தொழில் இது. ஆனால் இருபது, இருபத்தைந்து பேரை வழிநடத்துவது எப்படி என்று அரை மணி நேரம்கூட யாரும் சொல்லித்தருவதில்லை. இந்தியாவின் பின்னலாடை ஏற்றுமதியில் பாதிக்கும் மேல் இந்த ஊரிலிருந்து போகிறது. அதில் ஒவ்வொரு உருப்படியும் ஏதோ ஒரு சூப்பர்வைசரின் கண் முன்னால் தைக்கப்பட்டதுதான். அப்படியிருக்க, அந்த வேலையைச் சொல்லித்தராமல் விடுவது எனக்குப் பெரிய வருத்தம்.

திடீரென்று லைன் கைக்கு வந்தவர்களுக்காக இதை எழுதுகிறேன். நான் சொல்ல வருவது ஒன்றுதான். லைனில் நடக்கும் தவறு, தாமதம், சண்டை, உடம்புக்கு முடியாமை என்று எதுவாக இருந்தாலும் அது முதலில் உங்கள் காதுக்கு வரவேண்டும், சீக்கிரம் வரவேண்டும். கெட்ட செய்தி தயங்காமல் வந்து சேரும் லைன்தான் நல்ல குழு. கீழே வரும் படிகள் எல்லாம் அந்த நிலையை உண்டாக்குவதற்கான வேலைகள்.

முதல் நாள்: மெஷினை விட்டு எழுந்திருங்கள்

உங்களுக்கு நன்றாகத் தைக்கத் தெரியும் என்பதால்தான் இந்தப் பொறுப்பு வந்தது. அதனாலேயே, எங்காவது பீஸ் தேங்கினால் உடனே அந்த மெஷினில் உட்கார்ந்து தள்ளிவிடலாம் என்று கை துறுதுறுக்கும். உட்காராதீர்கள். நீங்கள் ஒரு மணி நேரம் தைத்தால் ஒரு இடத்தில் ஐம்பது, அறுபது பீஸ் நகரும். அந்த ஒரு மணி நேரம் மொத்த லைனையும் பார்க்க ஆள் இருக்காது. கட்டிங்கிலிருந்து சைஸ் மாறி வந்த பண்டலை (வெட்டிய துணிக் கட்டை) யாரும் கவனிக்க மாட்டார்கள். ஒருவர் கழிப்பறைக்குப் போகும் பத்து நிமிடத்துக்கு மாற்றாக உட்காரலாம். அதற்கு மேல் வேண்டாம்.

நேற்றுவரை பக்கத்து மெஷினில் இருந்தவர்கள் இன்று உங்களுக்குக் கீழே வேலை செய்கிறார்கள். அவர்களில் உங்களைவிட அனுபவம் கூடியவர் ஒருவராவது இருப்பார். இந்தப் பொறுப்பு தனக்கு வந்திருக்க வேண்டும் என்று அவர் நினைத்துக்கொண்டிருக்கக் கூடும். முதலில் அவரிடம் போங்கள். “அண்ணா, இந்த லைனில் எந்த வேலை அதிகம் தேங்குகிறது? நீங்களாக இருந்தால் முதலில் எதைச் சரிசெய்வீர்கள்?” என்று கேளுங்கள். உபசாரத்துக்குக் கேட்காதீர்கள், அவர் சொல்வதை நோட்டில் எழுதி, அதில் ஒன்றையாவது அந்த வாரத்திலேயே செய்யுங்கள். நேற்று ‘அக்கா’ என்று அழைத்தவரை இன்றும் அக்கா என்றே அழையுங்கள். வயதில் சிறியவர்களையும் ‘நீங்கள்’ என்றே சொல்லிப் பழகுங்கள். நம் ஊரில் பொறுப்புக்கு வந்தவுடன் ‘நீ, வா, போ’ என்று இறங்கிவிடுகிறவர்கள் அதிகம். அப்படிப் பேசிய அன்றே பாதிப் பேர் உங்களிடம் உண்மையைச் சொல்வதை நிறுத்திவிடுவார்கள்.

முதல் நாளில் புதிய விதி எதையும் அறிவிக்காதீர்கள். அதற்குப் பதிலாக, சின்னக் குறை ஒன்றைக் கண்டுபிடித்து மாலைக்குள் தீர்த்துவையுங்கள். ஓடாத மின்விசிறி, மெஷினுக்கு மேலே எரியாத பல்பு, காணாமல் போன நூல் வெட்டும் கத்தரி, ஆடும் ஸ்டூல் என்று எல்லா லைனிலும் ஏதாவது இருக்கும். பல மாதமாகச் சொல்லிச் சொல்லிச் சலித்துப்போன விஷயமாகவே அது இருக்கும். அது தீர்ந்தால், சொன்னால் நடக்கும் என்ற நம்பிக்கை அந்த லைனில் முளைக்கும்.

முதல் வாரம்: ஒரு நோட்டும் ஓர் அட்டவணையும்

ஒரு நோட்டை எடுத்து ஆளுக்கு ஒரு பக்கம் ஒதுக்குங்கள். பெயர், எந்த ஊர், எந்த மெஷின் தெரியும், என்னென்ன வேலை தைப்பார், கம்பெனி வண்டியில் வருகிறாரா சொந்தமாக வருகிறாரா, பிள்ளையைப் பள்ளியிலிருந்து அழைத்துவர வேறு ஆள் உண்டா, கண் பார்வை எப்படி என்று ஒவ்வொன்றாக நிரப்புங்கள். ஒரே நாளில் விசாரணை போலக் கேட்க வேண்டாம். டீ நேரத்தில் ஒருவர், மதியச் சாப்பாட்டில் ஒருவர் என்று ஒரு வாரத்தில் முடித்துவிடலாம். தேனி, திண்டுக்கல், மதுரைப் பக்கத்திலிருந்து குடும்பத்தோடு வந்தவர்கள் இருப்பார்கள். ஒடிசா, பீகார், ஜார்க்கண்டிலிருந்து வந்து விடுதியில் தங்கியிருப்பவர்களும் இருப்பார்கள்.

இந்த இரண்டாவது கூட்டத்தைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். பல லைன்களில் அவர்களுக்குப் பெயரே கிடையாது. ‘ஹிந்திக்காரன்’, ‘வடக்கன்’ என்றுதான் அழைக்கிறார்கள். ஒடியா பேசும் ஒருவரை ஹிந்திக்காரர் என்று அழைப்பது அறியாமை. பெயர் இருக்கும் மனிதரைப் பெயர் சொல்லாமல் அழைப்பது அவமதிப்பு. பெயரைக் கேட்டு, சரியாக உச்சரிக்கப் பழகுங்கள். ‘நிறுத்து’, ‘ஊசி உடைந்தது’, ‘சைஸ் தப்பு’, ‘உடம்பு சரியில்லை’, ‘அவசரம்’ ஆகிய ஐந்தையும் அவர்கள் மொழியில் எப்படிச் சொல்வது என்று கேட்டு, தமிழ் எழுத்தில் எழுதிச் சுவரில் ஒட்டுங்கள். தமிழில் அவற்றை எப்படிச் சொல்வது என்று அவர்கள் எழுத்திலும் ஒட்டச் சொல்லுங்கள். இரு மொழியும் தெரிந்த ஒருவரை மொழிபெயர்ப்புக்கு வைத்துக்கொள்வது நல்லதுதான். ஆனால் எல்லாப் பேச்சும் அவர் வழியாகவே நடந்தால், லைனுக்குள் அவர் இன்னொரு சூப்பர்வைசர் ஆகிவிடுவார். அவருக்குப் பிடிக்காதவர்களின் குறை உங்களிடம் வராது.

அடுத்தது அட்டவணை. இடப்பக்கம் பெயர்கள், மேல்வரிசையில் வேலைகள். சாதாரண டி-ஷர்ட் என்றால் தோள் சேர்த்தல், கழுத்துக்கு ரிப் (இழுபடும் பட்டைத் துணி) வைத்தல், லேபிள் வைத்தல், கை மடித்தல், கை ஏற்றுதல், சைடு அடித்தல், பாட்டம் மடித்தல். ஒவ்வொரு கட்டத்திலும் மூன்றில் ஒரு குறி போடுங்கள்: நன்றாகத் தெரியும், தெரியும் ஆனால் மெதுவாக வரும், தெரியாது. முடித்துவிட்டு மேலிருந்து கீழாகப் பாருங்கள். ஒரு வேலைக்கு ஒரே ஒருவருக்குத்தான் முழுமையாகத் தெரியும் என்று காட்டும் பத்திதான் உங்கள் லைனின் பலவீனம். பெரும்பாலும் அது கழுத்து ரிப்பாகவோ பேட்லாக் வேலையாகவோ இருக்கும். அவர் ஒரு நாள் வராவிட்டால் லைன் நின்றுவிடும் என்பது அவருக்கும் தெரியும், மற்றவர்களுக்கும் தெரியும். அந்த வேலைக்கு இரண்டாவதாக ஓர் ஆளைத் தயார் செய்வதே உங்கள் முதல் மாதத்தின் பெரிய வேலை. கற்றுத்தருபவரிடம், “உங்கள் இடத்துக்கு ஆபத்து இல்லை, உங்களுக்கு லீவு தேவைப்படும்போது நான் மறுக்காமல் இருக்கத்தான் இது” என்று வெளிப்படையாகச் சொல்லுங்கள். சொன்னபடி, அவர் லீவு கேட்கும்போது கொடுத்தும் விடுங்கள்.

கற்றுத்தர அந்த லைனிலேயே வேகமானவரைத்தான் தேர்ந்தெடுக்க வேண்டும் என்பதில்லை. பொறுமையாகச் சொல்லித்தருபவர் யாரோ அவர் பக்கத்தில் புதியவரை உட்கார வையுங்கள். முதல் இரண்டு நாள் கழிவுத் துணியில் பழகட்டும்.

எங்கே தேங்குகிறது என்று அளந்து பாருங்கள்

லைன் மெதுவாக ஓடினால் மேலிருந்து வரும் முதல் கேள்வி “யார் சோம்பேறி?” என்பதுதான். நீங்கள் அந்தக் கேள்வியில் விழாதீர்கள். கையில் ஸ்டாப்வாட்சை எடுத்துக்கொள்ளுங்கள். கைப்பேசியில் இருப்பதே போதும். ஏன் அளக்கிறீர்கள் என்று முதலிலேயே எல்லோருக்கும் சொல்லிவிடுங்கள். சொல்லாமல் பின்னால் போய் நின்று அளந்தால், ஆள் குறைப்புக்கு என்று பேச்சு கிளம்பிவிடும்.

ஒவ்வொரு வேலையையும் பத்து முறை அளந்து சராசரி எடுங்கள். எடுத்துக்காட்டாக, மணிக்கு 100 பீஸ் வேண்டும் என்று வைத்துக்கொள்வோம். 3,600 வினாடியை 100 ஆல் வகுத்தால் 36. ஒவ்வொரு வேலையும் 36 வினாடிக்குள் முடிந்தால்தான் அந்த எண்ணிக்கை வரும். நீங்கள் அளந்ததில் தோள் 22 வினாடி, கழுத்து 48, கை ஏற்றுதல் 40, சைடு 45, பாட்டம் 30 என்று வருகிறது. கழுத்தில் ஒரே ஆள் இருந்தால் மணிக்கு 75 பீஸ்தான் அங்கிருந்து வெளியே வரும். தோள் தைப்பவர் மணிக்கு 160 தைத்தாலும் அவை கழுத்துக்கு முன்னால் குவியுமே தவிர, லைன் முடிவில் 75தான். இந்தக் கணக்கு கைவசம் இருந்தால், கழுத்து தைக்கும் அக்காவை யாரும் திட்ட முடியாது. அந்த இடத்துக்கு என்ன வேண்டும் என்று பேச்சு திரும்பும்.

பிறகு சரிசெய்வது அவ்வளவு கடினமில்லை. ரிப்பை வளையமாக முன்கூட்டியே சேர்த்து, சைஸ் வாரியாகப் பிரித்துக் கையில் எடுத்துக்கொடுக்கக் கைமடி ஒருவரை நிறுத்தினாலே பல வினாடி மிச்சமாகும். போதாவிட்டால், நேரம் மிஞ்சும் தோள் டெய்லர் மணிக்குச் சில நிமிடம் கழுத்துக்கு உதவட்டும். அட்டவணையில் அவருக்கு அந்த வேலை தெரியும் என்று இருந்தால்தான் இது நடக்கும் என்பதைக் கவனியுங்கள். கழுத்து சரியானதும் அடுத்து சைடில் தேங்கும். அங்கே போங்கள்.

உடைந்த ஊசி

ஒரு லைன் நல்ல குழுவாக இருக்கிறதா என்று அறிய எனக்குத் தெரிந்த நம்பகமான இடம் இது.

ஏற்றுமதித் துணியில், முக்கியமாகக் குழந்தைகள் ஆடையில், உலோகத் துண்டு ஒன்றும் இருக்கக் கூடாது. தைக்கும்போது ஊசி உடைந்தால் நடைமுறை தெளிவானது. டெய்லர் மெஷினை நிறுத்திக் கையைத் தூக்க வேண்டும். உடைந்த எல்லாத் துண்டுகளையும் தேடி எடுத்து, ஊசிப் பதிவேட்டில் டேப் போட்டு ஒட்டி, முழு ஊசியின் வடிவம் வருகிறதா என்று பார்க்க வேண்டும். நாள், நேரம், மெஷின் எண் எழுதிக் கையெழுத்திட்ட பிறகே புது ஊசி தரப்படும். ஒரு துண்டு கிடைக்காவிட்டால், அந்த மெஷினைச் சுற்றியிருக்கும் பீஸ்களையும் பண்டலையும் தனியே எடுத்து, மெட்டல் டிடெக்டரில் ஓட்டிப் பார்த்த பிறகுதான் லைனுக்குத் திருப்பிவிட வேண்டும். இதற்கு அரை மணி நேரம்கூடப் பிடிக்கும். டார்கெட் அடிபடும்.

இப்போது ஒரு டெய்லரின் இடத்தில் நின்று பாருங்கள். மாலை ஆறு மணி. இன்னும் நாற்பது பீஸ் போனால் டார்கெட். டக்கென்று ஊசி உடைகிறது. முனை எங்கோ தெறித்துவிட்டது. கையைத் தூக்கினால் சூப்பர்வைசர் வந்து, “இன்றைக்கே இது மூன்றாவது. ஒழுங்காகத் துணியைப் பிடித்துத் தைக்கத் தெரியாதா?” என்று எல்லோர் முன்னாலும் கேட்பார் என்றால், அவர் என்ன செய்வார்? பக்கத்து மெஷின்காரரிடம் பழைய ஊசி ஒன்றை வாங்கி மாட்டிக்கொண்டு தைப்பார். அந்த முனை ஏதோ ஒரு குழந்தையின் சட்டை மடிப்புக்குள் உட்கார்ந்துகொள்ளும். பேக்கிங்குக்கு முன் டிடெக்டரில் மாட்டினால் அதிர்ஷ்டம்.

ஆகவே யாராவது ஊசி உடைந்தது என்று கையைத் தூக்கினால், உங்கள் வாயிலிருந்து வரும் முதல் சொல் “நன்றி” என்று இருக்கட்டும். “நிறுத்தியது நல்லது. கையில் குத்தவில்லையே? வாருங்கள், தேடுவோம்” என்று சொல்லிக்கொண்டே நீங்களும் குனிந்து தரையில் தேடுங்கள். ஏன் உடைந்தது என்ற கேள்வி அதற்குப் பிறகு. துணியின் கனத்துக்கு ஏற்ற ஊசி எண் போட்டிருக்கிறதா, ஊசி ஏறும் இடம் தேய்ந்திருக்கிறதா, தையல் ஏறி வரும் கனமான இடத்தில் துணியை இழுக்கிறாரா என்று மெக்கானிக்கோடு பாருங்கள். ஒரே மெஷினில் திரும்பத் திரும்ப உடைந்தால், தைப்பவரைவிட மெஷினைச் சந்தேகிப்பதே பெரும்பாலும் சரியாக இருக்கும். பதிவேட்டில் ஊசி உடைந்த கணக்கே இல்லாத லைன் நல்ல லைன் என்று நினைத்துவிடாதீர்கள். ஊசி உடையாமல் தையல் தொழிலே கிடையாது. அங்கே மறைக்கிறார்கள் என்று பொருள்.

ஏமி எட்மண்ட்சன் என்ற அமெரிக்க ஆய்வாளர் 1990களில் மருத்துவமனைச் செவிலியர் குழுக்களில் இதையே கண்டார். நன்றாக நடத்தப்படும் குழுக்களில் மருந்துத் தவறுகள் குறைவாக இருக்கும் என்று எதிர்பார்த்துப் போனவருக்கு, அங்கேதான் அதிகத் தவறுகள் பதிவாகியிருந்தது வியப்பாக இருந்தது. அந்தக் குழுக்களில் நடந்த தவறைப் பயமின்றி வெளியே சொன்னார்கள் என்பதே காரணமாகத் தெரிந்தது. குழுவில் பயமின்றிப் பேச முடிவது எவ்வளவு முக்கியம் என்பதை ஒரு தொழிற்சாலையின் குழுக்களை வைத்து ஆராய்ந்து, 1999இல் ஒரு கட்டுரையாக வெளியிட்டார்.

இந்தச் சிந்தனையின் வேர் நம் தொழிலுக்கு இன்னும் நெருக்கமானது. ஜப்பானில் சகிச்சி டொயோடா 1924இல் முழுமைப்படுத்திய தானியங்கித் தறி, பாவு நூல் ஒன்று அறுந்தாலும் தானாக நின்றுவிடும். குறையுள்ள துணியைத் தொடர்ந்து நெய்துகொண்டே போகாது. பின்னாளில் அவர் குடும்பம் தொடங்கிய டொயோட்டா கார் தொழிற்சாலையில், குறையைக் கண்ட எந்தத் தொழிலாளியும் தலைக்கு மேலே ஓடும் கயிற்றை இழுக்கலாம் என்ற ஏற்பாடு அந்தத் தறியின் வழியில் வந்ததுதான். கயிற்றை இழுத்ததும் குழுத் தலைவர் ஓடி வருவார்; உடனே தீர்க்க முடியாவிட்டால் லைன் நிற்கும். நம் தையல் லைனில் கயிறு கிடையாது. டெய்லர் தூக்கும் கைதான் இருக்கிறது.

காலை ஐந்து நிமிடமும் மணிக்கணக்குப் பலகையும்

ஷிப்ட் தொடங்கியதும் எல்லோரும் நின்றபடியே ஐந்து நிமிடம் பேசுங்கள். இன்று என்ன ஸ்டைல், நேற்று எந்தக் குறை அதிகம் வந்தது, இன்று யார் வரவில்லை, அவர் இடத்தில் யார். அவ்வளவுதான். ஐந்து நிமிடம் பத்தாகிவிட்டால் அது பிரசங்கம். கடைசியில் “நேற்று எதனால் கஷ்டப்பட்டீர்கள்?” என்று ஒருவரிடம் பெயர் சொல்லிக் கேளுங்கள், தினமும் வேறு ஆளிடம். பொதுவாக “ஏதாவது பிரச்சினை இருக்கிறதா?” என்று கேட்டால் எல்லோரும் தலையை ஆட்டிவிட்டு மெஷினுக்குப் போய்விடுவார்கள்.

லைன் முடிவில் ஒரு பலகை வையுங்கள். மணி, டார்கெட், வந்தது, காரணம் என்று நான்கு பத்தி. பெரும்பாலான கம்பெனிகளில் முதல் மூன்றும் இருக்கும். நான்காவது காலியாகக் கிடக்கும். அந்தக் காரணப் பத்திதான் முக்கியம். ‘11–12 மணி: 62. ரிப் நிறம் மாறி வந்தது, 20 நிமிடம் காத்திருந்தோம்’ என்று எழுதினால், மாலையில் யாரும் யாரையும் குறைசொல்ல வேண்டியிருக்காது. ரிப் அனுப்பிய இடத்தில் போய்ப் பேசலாம். புது ஸ்டைல் ஏறிய முதல் நாளில் எண்ணிக்கை பாதிகூட வராது. அது இயல்பு. அதைப் பார்த்துப் பதறிக் கத்தினால், இரண்டாம் நாள் வேகத்துக்காகத் தரத்தை விட்டுவிடுவார்கள்.

சரியில்லாத பீஸைத் திருப்பித் தருவது

செக்கிங்கில் பிடிபட்ட பீஸை ஆல்ட்ரேஷனுக்குத் திருப்பும்போது, அதைத் தைத்தவரிடமே கொடுக்க வேண்டும். அதைத் தூக்கி மேஜையில் எறிகிற சூப்பர்வைசர்களைப் பார்த்திருக்கிறேன். எனக்கு அது சகிக்காது. பக்கத்தில் போய் நில்லுங்கள், குரலைத் தாழ்த்துங்கள், பீஸை விரித்துக் காட்டுங்கள். “அக்கா, இந்த நான்கிலும் கழுத்தில் ஒரே இடத்தில் தையல் விட்டிருக்கிறது. மெஷினில் ஏதாவது வித்தியாசமாகத் தெரிகிறதா?” என்று கேளுங்கள். நான்கிலும் ஒரே இடம் என்றால் மெஷினோ அளவோ காரணமாக இருக்கலாம். இடம் மாறி மாறி வந்தால் களைப்போ அவசரமோ காரணமாக இருக்கலாம். பாராட்டை எல்லோர் முன்னாலும் சொல்லுங்கள், குறையைத் தனியாகச் சொல்லுங்கள்.

ஒருவர் தொடர்ந்து சரியாகச் செய்யாவிட்டால் கண்டிக்கத்தான் வேண்டும். அன்பாக இருக்கிறேன் என்று அதைத் தள்ளிப்போட்டால், அவர் விட்ட வேலையையும் சேர்த்துச் செய்கிறவர்களுக்குத்தான் நீங்கள் அநியாயம் செய்கிறீர்கள். என்ன குறை, எப்போதெல்லாம் வந்தது, எந்த நாளுக்குள் எப்படி மாற வேண்டும் என்று தெளிவாகச் சொல்லுங்கள். பிறந்த ஊரையோ சாதியையோ குடும்பத்தையோ இழுத்துப் பேசுவதற்கு எந்தச் சூழ்நிலையிலும் இடமில்லை.

பண்டல், பணம், சண்டை

பீஸ் ரேட்டில் (தைத்த எண்ணிக்கைக்கு ஏற்ற கூலியில்) ஓடும் இடங்களில் சண்டை பெரும்பாலும் பண்டலில்தான் தொடங்கும். சின்ன சைஸ் சீக்கிரம் முடியும். பெரிய சைஸ், கறுப்புத் துணி, கோடு போட்ட துணி எல்லாம் நேரம் பிடிக்கும். வேகமானவர்கள் எளிய பண்டலை இழுத்துக்கொள்வார்கள். பண்டல் எண் வரிசைப்படிதான் எடுக்க வேண்டும் என்று ஒரே விதி வையுங்கள். உங்கள் உறவுக்காரருக்கும் அதே விதிதான். நீங்களே யாருக்காவது ஒரு நல்ல பண்டலை ஒதுக்கிக் கொடுத்துவிட்டால், அந்த விதி அன்றோடு முடிந்தது.

ஊக்கத்தொகை இருந்தால் அதன் கணக்கை ஒரு தாளில் எல்லோருக்கும் புரியும்படி எழுதி ஒட்டச் சொல்லுங்கள். தனி ஆளுக்கு மட்டும் ஊக்கத்தொகை இருந்தால், கழுத்தில் தேங்கினாலும் தோள் டெய்லர் எழுந்துபோய் உதவ மாட்டார். அவரைக் குறைசொல்லவும் முடியாது. லைன் முழுவதற்கும் சேர்த்து ஒரு பகுதியாவது இருந்தால்தான் ஒருவருக்கொருவர் கை கொடுப்பார்கள். அதை முடிவு செய்கிறவர் நீங்கள் இல்லை என்றாலும் மேலே எடுத்துச் சொல்ல வேண்டியவர் நீங்கள்தான். சம்பளக் கணக்கில் ஒரு ஷிப்ட் விட்டுப்போயிருக்கிறது என்று யாராவது சொன்னால், அன்றைக்கே அலுவலகத்துக்குப் போய்ப் பாருங்கள். அடுத்த சனிக்கிழமை பார்க்கலாம் என்று சொல்வதற்கு உங்களுக்கு உரிமை இல்லை. அது அவர் வீட்டு அரிசிக் காசு.

எல்லைகள்

லைனில் இருப்பவர்களில் பெரும்பாலும் பெண்களே அதிகம். சூப்பர்வைசர் பெரும்பாலும் ஆண். உங்கள் கையில் இருக்கும் அதிகாரம் அவர்களுக்கு எப்போதும் தெரிந்தே இருக்கிறது. எந்தப் பெண்ணையும் தனியாக ஸ்டோர் ரூமுக்கு அழைக்காதீர்கள். வேலை காட்டித்தரும்போது தோளிலோ கையிலோ தொடாதீர்கள். ஷிப்ட் முடிந்த பிறகு வேலைக்குச் சம்பந்தமில்லாத அழைப்போ செய்தியோ அனுப்பாதீர்கள்.

பாலியல் தொல்லை பற்றி யாராவது உங்களிடம் சொன்னால், நீங்களே பேசிச் சமாதானம் செய்துவைக்க முயலாதீர்கள். 2013ஆம் ஆண்டுச் சட்டப்படி, பத்துப் பேர் அல்லது அதற்கு மேல் வேலை செய்யும் ஒவ்வொரு நிறுவனத்திலும் உள்ளகக் குழு இருக்க வேண்டும். தலைவர் பெண்ணாகவும், உறுப்பினர்களில் குறைந்தது பாதிப் பேர் பெண்களாகவும், வெளியிலிருந்து ஒருவர் உறுப்பினராகவும் இருக்க வேண்டும். அந்தக் குழுவில் இருப்பவர்களின் பெயர் லைனில் எல்லோருக்கும் தெரிகிறதா என்று பாருங்கள். புகார் தர விரும்புகிறவரை அவர்களிடம் கொண்டு சேர்ப்பதும், விஷயத்தை வேறு யாரிடமும் பேசாமல் இருப்பதும் உங்கள் வேலை. திண்டுக்கல் மாவட்டத்தில் ஒரு பெண் தொழிலாளி கொல்லப்பட்ட துயரத்துக்குப் பிறகு, 2022இல் தொழிற்சங்கமும் நிறுவனமும் செய்துகொண்ட திண்டுக்கல் ஒப்பந்தத்தில், தொழிலாளர்களிலிருந்தே பயிற்சி பெற்றவர்கள் லைனில் நடப்பதைக் கவனித்துச் சொல்லும் ஏற்பாடு சேர்க்கப்பட்டது. அந்த ஏற்பாட்டைத் தனக்கு எதிரானது என்று எந்தச் சூப்பர்வைசரும் நினைக்க வேண்டியதில்லை.

கழிப்பறைக்குப் போக அனுமதி கேட்டு நிற்கும் பழக்கம் உங்கள் லைனில் இருந்தால் இன்றே நிறுத்துங்கள். கேட்கக் கூச்சப்பட்டுக்கொண்டு நாள் முழுவதும் தண்ணீரே குடிக்காமல் இருக்கும் பெண்கள் இருக்கிறார்கள். சிறுநீர்த் தொற்றில் போய் முடிகிறது. எல்லா வேலையும் ஓரளவு தெரிந்த ஒருவரை மாற்று ஆளாக வைத்துக்கொண்டால், யார் எழுந்தாலும் லைன் ஓடும்.

லீவும் நோம்பியும்

தீபாவளிக்கு முன்னால் ஷிப்மெண்ட் நெருக்கும். தீபாவளி முடிந்ததும் லைன் காலியாகும். இது ஒவ்வொரு ஆண்டும் நடக்கிறது, ஒவ்வொரு ஆண்டும் திடீரென்று நடந்தது போலப் பேசுகிறோம். பீகார்க்காரர்களுக்கு தீபாவளிக்கு ஆறு நாள் கழித்து வரும் சட் பூஜை பெரிது. ஒடிசாக்காரர்களுக்கு ஜூன் நடுவில் ரஜோ. நம் பக்கத்துக்காரர்களுக்கு ஊர் மாரியம்மன் நோம்பி ஊருக்கு ஊர் வேறு தேதி. ஒரு காலண்டரைச் சுவரில் மாட்டி, போக வேண்டிய நாளை இரண்டு மாதம் முன்பே அவரவரே எழுதச் சொல்லுங்கள். லீவு கேட்டால் கிடைக்கும் என்று தெரிந்தவர் திரும்பி வரும் தேதியையும் உண்மையாகச் சொல்வார். கிடைக்காது என்று நினைப்பவர் சொல்லாமல் போவார்; பல நேரம் வேறு கம்பெனிக்கே போய்விடுவார்.

மேலே பேசுவது

மேலாளர் மாலை ஆறு மணிக்கு வந்து, “இன்று இரவு இன்னும் நானூறு பீஸ் வேண்டும்” என்று சொல்வார். அங்கே தலையை ஆட்டிவிட்டு லைனில் வந்து கத்துவதுதான் வழக்கம். அதற்குப் பதில் பலகையைக் காட்டுங்கள். “மணிக்கு 75 வருகிறது. நானூறுக்கு ஐந்து மணி நேரத்துக்கு மேல் ஆகும். இரவு ஒன்பது வரை இருந்தால் 225 வரும். மீதியை நாளை மதியத்துக்குள் தருகிறேன், கழுத்துக்கு இன்னொரு மெஷின் கொடுத்தால் இன்னும் முன்னாலேயே தரலாம்” என்று எண்ணை வைத்துப் பேசுங்கள். எண் சொல்லும் சூப்பர்வைசரிடம் வாதம் செய்வது கடினம். மிகைநேர வேலை தேவை என்றால் மதியத்துக்குள் லைனில் சொல்லிவிடுங்கள். இருக்க முடியுமா என்று கேளுங்கள். பிள்ளையை அழைத்துவர ஆள் ஏற்பாடு செய்ய அவர்களுக்கு அந்த நேரம் வேண்டும். மிகைநேரத்துக்கு இருமடங்கு ஊதியம் என்பது 1948ஆம் ஆண்டுத் தொழிற்சாலைகள் சட்டத்திலேயே இருந்த விதி. அது கிடைக்கிறதா என்று கேட்பதும் உங்கள் பொறுப்பு.

லைனில் நல்லது நடந்தால், செய்தவரின் பெயரை மேலே சொல்லுங்கள். தவறு நடந்தால், “என் லைனில் நடந்தது, இப்படிச் சரிசெய்கிறோம்” என்று சொல்லுங்கள். நீங்கள் மேலே என்ன பேசினீர்கள் என்பது எப்படியோ லைனுக்குத் தெரிந்துவிடும்.

மூன்றாவது மாதம்: ஒரு நாள் லீவு போடுங்கள்

இதற்குள் உங்களுக்கு அடுத்தபடியாக லைனைப் பார்க்கக்கூடிய ஒருவர் கண்ணில் பட்டிருப்பார். நன்றாகத் தைப்பவரைவிட, மற்றவர்கள் தாங்களாகவே போய் உதவி கேட்கிற ஆளைப் பாருங்கள். முதலில் காலை ஐந்து நிமிடப் பேச்சை அவர் நடத்தட்டும். பிறகு பலகை, பிறகு ஊசிப் பதிவேடு என்று ஒவ்வொன்றாக ஒப்படையுங்கள். நெருக்கடி இல்லாத ஒரு நாளாகப் பார்த்து, முன்கூட்டியே சொல்லிவிட்டு லீவு போடுங்கள். அன்று கைப்பேசியில் அழைத்துக் கேட்டுக்கொண்டே இருக்காதீர்கள்.

மறுநாள் வந்ததும் எண்ணிக்கையைப் பார்க்கும் முன் காரணப் பத்தியைப் பாருங்கள். எண்ணிக்கை கொஞ்சம் குறைந்திருந்தாலும், ஏன் குறைந்தது என்று மணிவாரியாக எழுதியிருந்தால் அந்த லைன் தன் காலில் நிற்கிறது. எண்ணிக்கை முழுதாக வந்து காரணப் பத்தியும் ஊசிப் பதிவேடும் காலியாக இருந்தால், லீவில் இருந்த அந்த ஒரு நாளில் என்ன நடந்தது என்று ஒவ்வொருவரிடமும் தனித்தனியாக உட்கார்ந்து பேசுங்கள். முதலில் கழுத்து தைப்பவரிடம் போங்கள்.